ஆணியில் தொங்கிய குழல்

மாலக்கி கான்சிடைன் செய்கிற தகரக்குழலை யாராவது என் காதுபடப் புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புகழ்ச்சி பொய்யாக இருந்தால் பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போய்விடலாம். அத்தனையும் உண்மை, அதுதான் தொல்லை.

பெயர்தான் தகரக்குழல். அவன் செய்வதில் தகரம் மருந்துக்கும் கிடையாது. ஒரு முழம்கூட வராத பித்தளைக் குழாய், ஆறு துளைகள், ஊதும் இடத்தில் பேரி மரத்தில் இழைத்த சின்ன அடைப்பு, அவ்வளவுதான். இதைச் செய்ய அந்த மனிதனுக்கு மூன்று வாரம் ஆகும். ஊதுகிற காற்று போய் மோதும் விளிம்பை அவன் நாக்கு என்பான். அந்த நாக்கை அரத்தால் ஒரு தடவை தடவுவான், ஊதுவான், தலையைச் சாய்த்துக் கேட்பான், மறுபடி தடவுவான். ஒரு தடவல் கூடிப்போனால் மூன்று வார வேலை பழைய பால் வாளியில் விழும். அந்த வாளியில் கிடப்பவைகூட என்னுடையதைவிட நன்றாகப் பாடும். என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

நான் டர்லோ ஹேஹிர். க்ளேர் மாவட்டத்தின் மேற்குக் கரையில் முப்பத்தொரு வருஷம் தபால்காரன். மாலக்கியின் குழல்கள் ஒசாகாவுக்குப் போனாலும் பாஸ்டனுக்குப் போனாலும் முதலில் என் பச்சை வேனில் ஏறித்தான் ஆக வேண்டும். அட்டைக் குழாயில் சுற்றி, கயிறு கட்டி, ஏதோ கைக்குழந்தையைத் தருவதுபோல என் கையில் தருவான். முகம் தெரியாத யார் யாருக்கோ நான் அவற்றைச் சுமந்துகொண்டே இருந்தேன். எனக்கு மட்டும் வரவில்லை.

எனக்கு வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். வியாழக்கிழமை சாயங்காலம் லேஹி மதுக்கடையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி வாசிப்போம். என் குழல் பத்திரிகைக் கடையில் வாங்கியது, பச்சைப் பிளாஸ்டிக் வாய் வைத்தது. மேல் சுரங்களில் அது கீச்சிடாமல் இருக்க உள்ளே ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கிற மக்கைத் திணித்திருந்தேன். ஜன்னலுக்கு வாங்கியதை வாயில் வைத்துக்கொண்டு திரிகிற ஆள் என்று என் மனைவி அசம்ப்டா சொல்லாத கல்யாண வீடு கிடையாது.

மாலக்கி என்னிடம் கேட்டிருந்தான். உனக்கு ஒன்று செய்யட்டுமா என்று அவனாகவே கேட்டான், அது ஆறு வருஷத்துக்கு முன்பு, ஜூன் மாதம். அவன் பட்டியலும் அப்போது ஆறு வருஷ நீளம். பட்டியல் என்றால் ஆணியில் தொங்கும் ஒரு பள்ளிக்கூட நோட்டு. அதைப் பிரித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்பதால் நான் பார்த்ததில்லை. என் முறை வரும் என்று இருந்தேன்.

அவன் பட்டறை முன்பு மாட்டுக்கொட்டகையாக இருந்த இடம். புதனும் வெள்ளியும் அங்கே எனக்கு டீ உண்டு. டீ குடிக்கிறியா என்பான், வேண்டாம்ப்பா, வேலை கிடக்கு என்பேன். வெறும் கெட்டிலைத் தூக்கித் தண்ணீர் பிடித்தபடி, ஒரு வாய் குடியேன் என்பான். சிரமப்படாதே என்பேன். தண்ணீர் கொதித்ததும், அட, கொதிச்சே போச்சு, குடிச்சிட்டுத்தான் போயேன் என்பான். சரி, அரைக் கோப்பை என்று உட்கார்ந்து இரண்டு கோப்பை குடிப்பேன். இரண்டு தடவை மறுத்து மூன்றாவதில்தான் சரி சொல்வது எங்கள் ஊர் மரியாதை. எங்கள் பக்கத்தில் இதைவிடக் குறுக்கு வழியில் யாரும் டீ குடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

போன அக்டோபரில் எனக்கு ஓய்வு வந்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். அன்று சாயங்காலம் லேஹி கடையில் எனக்கு வழியனுப்பு, நான் வாசிக்க வேண்டும், ஊரே வரும். அதற்குள் மாலக்கியின் குழல் என் கைக்கு வந்துவிட வேண்டும் என்று நான் ஏங்கியது நிஜம். அதற்கு மேல் ஒரு பயமும் இருந்தது. தபால் பை இல்லாமல் நான் எதைச் சொல்லிக்கொண்டு அவன் பட்டறைக்குப் போவது? காரணம் இல்லாமல் ஒருவன் இன்னொருவன் வீட்டுப் பாதையில் ஏறினால் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் இங்கே நினைப்பார்கள். வெள்ளியோடு குழலும் போச்சு, மாலக்கியும் போச்சு என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை நான் போனபோது பட்டறையில் ஒரு ஜப்பானியப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். பெயர் மியாகே, ஒசாகாக்காரர், அறுபது வயது இருக்கும். ஆறு வருஷம் காத்திருந்து முறை வந்திருக்கிறது, அதைத் தபாலில் வாங்க மனசில்லாமல் நேரிலேயே வந்துவிட்டார்.

மாலக்கி வெறும் கெட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு, வழக்கம்போல, டீ குடிக்கிறீர்களா என்று கேட்டான்.

"குடிக்கிறேன். ரொம்ப நன்றி," என்றார் அந்த அம்மாள்.

மாலக்கி அப்படியே நின்றான். போன வருஷம் பக்கத்துப் பண்ணைக் கிடா அவனை ரோட்டில் முட்டித் தள்ளியபோதுகூட அவன் முகம் இப்படி ஆகவில்லை. கெட்டிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தண்ணி இன்னும் வைக்கலையே என்று முணுமுணுத்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினான். அந்த அம்மாள் ஒன்றும் நடக்காததுபோல சிரித்த முகத்தோடு காத்திருந்தார். கேட்டார்கள், வேண்டும் என்றார், காரியம் முடிந்தது. எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாகவும் நிறையப் பொறாமையாகவும் இருந்தது.

டீ குடித்ததும் மாலக்கி அவருடைய குழலை எடுத்தான். ஜன்னலோர ஆணியில் எப்போதும் ஒரு குழல் தொங்கும், அதையும் இறக்கினான். புதிதாக எதைச் செய்தாலும் முதலில் ஆணிக் குழலை ஊதிவிட்டுப் பிறகு புதியதை ஊதிப் பார்ப்பான். இரண்டும் ஒத்து வந்தால்தான் புதியது வெளியே போகும். அவனுக்கு ஒரே ஒரு நாட்டியப் பாட்டுத்தான் தெரியும், அதிலும் முதல் பாதிதான். வாழ்நாள் முழுக்க அந்தப் பாதியையே ஊதிவிட்டு நிறுத்திவிடுவான். குழல் நல்லதா கெட்டதா என்பது முதல் பாதியிலேயே தெரிந்துவிடும், மிச்சம் எதற்கு என்பது அவன் கட்சி.

மியாகே தன் குழலில் அதே பாட்டை இரண்டு பாதியும் வாசித்தார். நான் கதவருகே பார்சல் சீட்டோடு நின்றிருந்தேன். மழைக்கோட்டு போட்ட ஒரு சின்ன உருவம், அந்தக் குழாய்க்குள்ளிருந்து அப்படி ஒரு தெளிவு. மேல் சுரத்துக்கு அவர் மூச்சை முட்டித் தள்ளவே இல்லை, அது தானாகப் போய் உட்கார்ந்தது. பார்சல் சீட்டில் கையெழுத்து வாங்கவே மறந்துபோனேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அசம்ப்டாவிடம்கூட.

பிறகு ஒரு ஆசை என்றார். நோட்டில் தன் பெயரைத் தானே அடிக்க வேண்டுமாம். மாலக்கி மறுக்கும் முன்பே நோட்டை இறக்கிப் பிரித்துவிட்டார். தன் பெயரை அடித்தார், அத்தோடு விட்டாரா? மிச்சப் பெயர்களையும் சந்தோஷமாகச் சத்தம் போட்டு வாசிக்கத் தொடங்கினார். பிரெஸ்ட் நகரத்துப் பல் மருத்துவர், பாஸ்டனில் ஒரு தீயணைப்பு வீரர், கால்வேயின் இரட்டைச் சகோதரிகள், பெர்லினில் ஒரு பாதிரியார். ஒவ்வொரு பெயருக்கும் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பக்கம் புரண்டது, மறுபடி புரண்டது, நோட்டு முடிந்தது. ஹேஹிர் வரவே இல்லை.

"உங்க பேர் எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

மாலக்கி சட்டென்று திரும்பி, காய்ந்த கோப்பையையே துடைக்க ஆரம்பித்தான்.

"எனக்கெதுக்கும்மா? எங்கிட்ட நல்லதா ஒண்ணு இருக்கு," என்றேன். பச்சைப் பிளாஸ்டிக்கும் ஜன்னல் மக்கும் என் சட்டைப் பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டைத் தள்ளிவைத்தேன். நான் ஆட்டுக்கறிக் குழம்பைத் தள்ளிவைத்தால் அசம்ப்டா டாக்டரைக் கூப்பிடுவாள், இல்லாவிட்டால் என்னை விசாரிப்பாள். இந்தத் தடவை விசாரித்தாள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆறு வருஷம் அவனுக்குப் பார்சல் சுமந்தேன், நாய்க்கடி வாங்கினேன், அவன் நோட்டில் பெர்லின் பாதிரியாருக்கு இடம் இருக்கிறது, எனக்கு இல்லை என்றேன். அவள் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அன்னிக்கு அவன் கேட்டப்போ நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? வேண்டாம்ப்பா, உனக்கு ஆயிரம் வேலை இருக்குன்னேன்."

"அப்புறம்?"

"சும்மா ஒண்ணு செஞ்சுடறேனேன்னான். எனக்காகச் சிரமப்படாதேன்னேன்."

"அப்புறம்?"

யோசித்தேன். அப்புறம் பக்கத்துப் பண்ணைக் கிடாரிகள் வேலியை உடைத்துக்கொண்டு அவனுடைய முட்டைக்கோஸ் பாத்தியில் இறங்கின. இரண்டு பேரும் கத்திக்கொண்டே ஓடினோம். நான் வழுக்கி விழுந்தேன், அவன் சிரித்தான். மழை பிடித்துக்கொண்டது. நான் வேனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அசம்ப்டாவின் கத்தி நின்றது.

"அப்போ அவன் ரெண்டு தடவைதான் கேட்டிருக்கான்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், ஏப்ரனில் கண்ணைத் துடைப்பதற்குப் பதில் உருளைக்கிழங்குத் துண்டால் துடைக்கப் போனாள். ஆறு வருஷமாக ஒரு வீட்டில் மூன்றாவது தடவை பாக்கி நிற்கிறது, இரண்டு கிழங்களும் அதைச் சுற்றி டீ குடித்துக்கொண்டிருக்கின்றன என்றாள். நாளைக்கே போய் வேண்டும் என்று சொல்லிவிட்டு வா என்றாள்.

"யாராவது போய் வேணும்னு கேப்பாங்களா?" என்றேன்.

"அந்த ஜப்பான்காரம்மா கேட்டாங்களே."

"அவங்க வெளியூரு."

"நீயும் கொஞ்ச நேரம் வெளியூரா இருந்துட்டு வாயேன், மனுஷா," என்றாள்.

வெள்ளிக்கிழமை கடைசி வீடாக மாலக்கியை வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் ஒரே வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். வேணும். வேன் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன், பாலத்தருகே ஒரு கழுதையிடம் சொன்னேன், இரண்டு இடத்திலும் நன்றாகவே வந்தது. பட்டறைக் கதவைத் தாண்டியதும் போய்விட்டது.

அவனும் சரியில்லை. மேசையில் ஹாமும் ரொட்டியும் வெட்டி வைத்திருந்தான், கடையில் வாங்கிய கேக் ஒன்றும் இருந்தது. அப்படியானால் எனக்காகத்தான். ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீயை ஒழுங்காக மூன்று தடவை கேட்டான், நான் ஒழுங்காக இரண்டு தடவை மறுத்தேன். குடித்து முடித்தோம். மழையைப் பற்றிப் பேசினோம், அதுவும் தீர்ந்துபோனது. எழுந்தேன். தொப்பியைத் தலையில் வைத்தேன். இனி இந்தக் கதவைத் தாண்ட எனக்குக் காரணம் கிடையாது.

அவன் பிரெஸ்ட் பல் மருத்துவரின் குழலைக் கையில் எடுத்து, ஆணியில் தொங்கியதை இறக்கி, அந்தப் பாட்டின் முதல் பாதியை ஊதினான். நான் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றேன். ஏதாவது கேட்டாக வேண்டும் என்று கேட்டேன்.

"அந்த ஆணிக் குழல் யாரோடது?"

மாலக்கி அரத்தைத் தேடினான். அது அவன் முன்னாலேயே கிடந்தது.

"ஒருத்தனுக்குச் செஞ்சேன்," என்றான். "வேண்டாம்னுட்டான்."

"எப்போ?"

"ஆறு வருஷம் இருக்கும். செஞ்சு முடிச்சுட்டுத்தான், செய்யட்டுமான்னு கேட்டேன். பட்டியல்ல போட்டுக் காக்க வைக்கிற ஆள் இல்ல அவன். மொகத்துல அடிச்சாப்புல வேண்டாம்னுட்டான்."

எனக்குக் காது சுட்டது.

"எத்தனை தடவை வேண்டாம்னான்?"

அவன் அரத்தை எடுத்தான், வைத்தான்.

"ரெண்டு."

"மூணாவது கேட்டியா?"

"முட்டைக்கோஸ்ல மாடு இறங்கிடுச்சு," என்றான் மாலக்கி. "அப்புறம் அவனே பேச்செடுப்பான்னு இருந்தேன்."

"நீ கேப்பேன்னு அவன் இருந்தான்."

வெளியே அவன் நாய் வேன் சக்கரத்தைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. ஆறு வருஷமாக நான் அவனுக்கு ஆகாதவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு வருஷமாக அவன், தன் கைவேலை எனக்கு ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். வாரம் இரண்டு தடவை எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது, அவனைப் பார்த்தால் சிரிப்பும் வந்தது.

மாலக்கி குழலைக் கையால் துடைத்தான். தொண்டையைச் செருமினான்.

"டர்லோ, இதை எடுத்துக்கிறியா?"

மூன்றாவது தடவை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அறுபத்தைந்து வருஷம் பழகிய வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"சிரமப்படாதே மாலக்கி," என்றது.

அந்த மனிதனுக்கும் அதே வயது, அதே பழக்கம். முகம் தொங்கிப்போக, கை தானாக ஆணியை நோக்கிப் போனது. குழல் ஆணியைத் தொடப் போனது. நான் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணும்," என்றேன்.

சொன்ன பிறகு இரண்டு பேருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. அவன் குழலை என் கையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தான். துளைகளின் விளிம்பு விரலுக்கு உறுத்தவில்லை, அத்தனை மழுமழுப்பாகத் தேய்த்திருந்தான். வாயருகே, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, ட. ஹே. என்று கீறியிருந்தது. ஊதினேன். அந்தப் பாட்டின் முதல் பாதியை வாசித்தேன். அவன் வழக்கமாக நிறுத்துகிற இடம் வந்தது. நான் நிறுத்தவில்லை. இரண்டாம் பாதி மேலே ஏறும், என் பழைய குழல் அங்கேதான் பூனைமாதிரி கத்தும். இது ஏறிப் போய் நின்றது.

மாலக்கி முதுகைக் காட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"இப்படிப் போகுமா அது?" என்றான்.

"இப்படித்தான் போகும்."

"நல்லாத்தான் இருக்கு," என்று ஒத்துக்கொண்டான். அதோடு விட்டால் அவன் மாலக்கி இல்லையே. ஆணியைக் காட்டி, இனி எதை வைத்து மற்ற குழல்களுக்குச் சுரம் பார்ப்பது, ஒசாகாவுக்குப் போனது பாஸ்டனுக்குப் போனது எல்லாமே இதைப் பார்த்துச் செய்தவைதான், இது இல்லாமல் எனக்கு வேலை ஓடாது என்று முறையிட்டான். நான் ஆறு வருஷமாக வேனில் சுமந்தது முழுக்க என் குழலின் குரலைத்தான் என்று அப்போது உறைத்தது.

"புதன்கிழமை எடுத்துட்டு வா," என்றான். "வெள்ளிக்கிழமையும். ஊதிப் பாத்துட்டுத் தந்துடறேன்."

இதைவிட நல்ல காரணத்தை எந்தத் தபால் இலாகாவும் எனக்குத் தந்திருக்க முடியாது. வருவதாகச் சொன்னேன்.

சாயங்காலம் லேஹி கடையில் வாசித்தேன். மூன்றாவது பாட்டில் எச்சில் அடைத்துக் குழல் கீச்சிட்டது. பழைய குழலே தேவலை, அதை ஜன்னலிலாவது வைக்கலாம் என்று அசம்ப்டா எல்லோர் முன்னாலும் சொன்னாள். மாலக்கி மூலையில் உட்கார்ந்து, தன் குழலில் குறையே இல்லை, வாசிக்கிற ஆளின் வாயில்தான் அளவுக்கு மீறித் தண்ணீர் என்றான். அதெல்லாம் பிறகு.

பட்டறையில் நான் இன்னும் தொப்பியைக் கழற்றாமல் நின்றிருந்தேன். கிளம்ப மனசில்லை, அதை எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. மாலக்கி கெட்டிலைத் தூக்கினான்.

"இன்னொரு டீ குடிக்கிறியா?" என்றான்.

"குடிக்கிறேன்," என்றேன்.

அவன் கையில் வெறும் கெட்டிலோடு என்னைப் பார்த்தான்.

"தண்ணி இன்னும் வைக்கலையேப்பா."

"வை. இருக்கேன்," என்று சொல்லித் தொப்பியைக் கழற்றி ஜன்னலோர ஆணியில் மாட்டினேன். ஆணி காலியாகத்தான் இருந்தது.